நண்பர்கள் சேர்ந்து கேக் போட்டி நடத்துவது எப்படி: கோலாலம்பூரில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 16 பேர் சேர்ந்து ஒரு கேக் போட்டி நடத்தினோம். நான்கு அணிகள், அணிக்கு நான்கு பேர். காலை பத்து மணிக்கு, இரண்டு ஓவன் ஓடிக்கொண்டிருந்தபோது தேநீருக்கு ஒருவர் மின்கெண்டியைத் தட்டிய நொடியில் மண்டபத்தின் பாதியில் மின்சாரம் போய்விட்டது. காவலாளியைத் தேடிப் பிடித்து மின்பெட்டியைத் திறப்பதற்குள் 40 நிமிடம் ஓடிவிட்டது. அதற்குள் பாண்டான் ஷிஃபான் கேக்குக்கு அடித்து வைத்திருந்த முட்டை வெள்ளை நீர்விட்டுப் போனது. ரவை கேக் செய்த அணியில் இரண்டு பேர் தனித்தனியே உப்புப் போட்டிருந்தார்கள். கடைசியில் மண்டபத்துக்குக் கட்டிய வைப்புத்தொகையிலும் பாதிதான் கைக்கு வந்தது.

ஆறு மாதம் கழித்து அதே 16 பேர் மறுபடியும் நடத்தினோம். அன்று நான்கு கேக்கும் நேரத்துக்கு மேசைக்கு வந்தன. இரண்டு முறையும் கேக் செய்தவர்கள் அதே ஆட்கள்தாம், அவர்களுடைய கைப்பக்குவமும் அதேதான். முதல் முறை எங்களுக்குத் தெரியாமல் போனவை இரண்டு: ஓவனைப் பங்கு போட்டுக்கொள்வது, தான் செய்வதைப் பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்வது. இந்த இரண்டையும் முன்கூட்டியே எப்படி ஏற்பாடு செய்வது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எங்களைப் போல் ஒரு சனிக்கிழமையை இழக்க வேண்டாம்.

1. நாளும் ஆள் எண்ணிக்கையும்

12 முதல் 16 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஓவன் போதாது, உட்காரவும் இடம் போதாது. அணிக்கு நான்கு பேர் என்பது பலமுறை யோசித்து வந்த கணக்கு. மூன்று பேர் என்றால் ஒருவர் கழிப்பறைக்குப் போனாலே வேலை நின்றுவிடும். ஐந்து பேர் என்றால் ஒருவர் கட்டாயம் கைகட்டி நிற்பார்.

நாள் குறிக்கும்போது தைப்பூசம், பொங்கல், தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய வாரங்களை விட்டுவிடுங்கள். மண்டபமும் கிடைக்காது, ஆட்களும் வரமாட்டார்கள். மலாய் அண்டை வீட்டாரையும் அழைப்பதாக இருந்தால் நோன்பு மாதத்தைத் தவிருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பலர் முட்டை தொடமாட்டார்கள். எங்கள் முதல் தேதியையே அதனால்தான் மாற்ற வேண்டி வந்தது. இன்றைக்கு முடிவு செய்தால் ஐந்து வாரம் கழித்து ஒரு தேதி வையுங்கள்.

2. மண்டபமும் அதற்கான தாள்களும்

மூன்று வழிகள் உண்டு. உங்கள் குடியிருப்பிலேயே பல்நோக்கு மண்டபம் இருந்தால் அதுதான் எளிது. இல்லையென்றால் மாநகர் மன்றத்தின் சமூக மண்டபங்கள் இருக்கின்றன. மூன்றாவது, ஆலயத்தையோ சங்கத்தையோ சேர்ந்த மண்டபம். ஆலய மண்டபம் என்றால் முட்டைக்கு அனுமதி உண்டா என்று முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள். தேதி உறுதியான பிறகு கேட்டு அவமானப்பட வேண்டாம்.

எங்களிடம் நிர்வாக அலுவலகம் கேட்டவை: நிரப்பிய படிவம், பொறுப்பாளரின் அடையாள அட்டை நகல், வாடகை, திரும்பப் பெறும் வைப்புத்தொகை, வைப்புத்தொகையைத் திருப்பி அனுப்ப வங்கிக் கணக்கு விவரம். படிவத்தில் ‘நிகழ்ச்சியின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘ஒன்றுகூடல்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘மின் ஓவன் பயன்படுத்திக் கேக் செய்தல், ஓவன் எண்ணிக்கை 3’ என்று தெளிவாக எழுதுங்கள். நாங்கள் முதல் முறை ‘ஒன்றுகூடல்’ என்று எழுதிவிட்டோம். மின்சாரம் போனபோது எங்கள் பக்கம் பேச எந்தத் தாளும் இல்லை.

வைப்புத்தொகை ரசீதின் அசல் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அதைப் படம் எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் போட்டுவிடுங்கள். அந்த ரசீது ஒருவருடைய கைப்பையில் தொலைந்தால் 16 பேருடைய பணமும் தொங்கும். எரிவாயு அடுப்புக் கொண்டுவரலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே சாலையோரம் பதாகை கட்ட ஆசைப்பட்டால் அதற்கு மாநகர் மன்றத்தின் அனுமதி தனியாக வேண்டும். நண்பர்கள் போட்டிக்குப் பதாகை தேவையில்லை என்பது என் கருத்து.

3. மின்சாரம்: பலரும் விழும் குழி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மூன்று முள் பிளக் 13 ஆம்பியர் வரைதான் தாங்கும். 60 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு மேசை ஓவன் ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கும். அதாவது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. தனியாக இருந்தால் கவலையில்லை. இரண்டு ஓவனை ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். அந்தப் பலகை 13 ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டது. உருகி (ஃபியூஸ்) உடனே போனால் நல்லது. போகாவிட்டால் கம்பி சூடேறும்.

பலகை இல்லாமல் நேராகச் சுவரில் செருகினாலும் சிக்கல் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பிளக்குகள் மின்பெட்டியில் ஒரே சுவிட்சுக்குள் அடங்கியிருக்கும். அது பெரும்பாலும் 20 ஆம்பியர். இரண்டு ஓவனை அது எப்படியோ தாங்கியிருக்கும். அந்த நேரத்தில் யாரோ தேநீருக்கு மின்கெண்டியைத் தட்டினால் அவ்வளவுதான். எங்களுக்கு நடந்தது அதுவே. தேநீர் போட்டவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. எந்தப் பிளக் எந்த வரிசை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது இது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பொறுப்பாளரை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள். மின்பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு சுவிட்சாக அவரையே அணைக்கச் சொல்லுங்கள். எந்தப் பிளக் செத்துப்போகிறது என்று பார்த்து, சுவரில் வண்ண நாடா ஒட்டுங்கள். ஒரு நிறத்துக்கு ஒரே ஓவன். மின்கெண்டிக்கும் முட்டை அடிக்கும் மிக்சருக்கும் வேறு நிறம். பிறகு எல்லா ஓவனையும் வெறுமையாக 20 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு பழைய ஓவன் தனியாகப் போட்டாலே மின்சாரம் போய்விடுகிறது என்றால் அதில் மின்கசிவு இருக்கலாம். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நீட்டிப்புப் பலகை வாங்குவதாக இருந்தால் தரச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தச் சோதனையில் இன்னொரு நன்மை உண்டு. வீட்டு ஓவன்கள் திருகில் 170 காட்டினால் உள்ளே 170 இருப்பதில்லை. உள்ளே வைக்கும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மூன்று ஓவன்களில் ஒன்று 20 டிகிரி கூடுதலாகக் காய்ந்தது. அதன் மேல் ‘20 குறைத்து வை’ என்று தாள் ஒட்டினோம்.

4. யாருக்கு எது ஆகாது

பெயர் பதியும்போதே ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: முட்டை சாப்பிடுவீர்களா, கொட்டை வகை ஒவ்வாமை உண்டா, ஹலால் பார்க்க வேண்டுமா. பதிலைப் புலனக் குழுவில் பொதுவாகக் கேட்காமல் தனித்தனியே வாங்குங்கள். குழுவில் கேட்டால் கூச்சத்தில் ‘எதுவானாலும் பரவாயில்லை’ என்றுதான் பலரும் சொல்வார்கள்.

ஜெலட்டின் விஷயத்தில் கவனம் தேவை. மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. நம் வட்டத்தில் இரண்டுமே யாராவது ஒருவருக்கு ஆகாது. கடற்பாசியிலிருந்து வரும் அகார் அகார் வாங்கிவிட்டால் பேச்சே இல்லை. முட்டை பூசும் தூரிகையும் பன்றி முடியில் செய்யப்பட்டதாக இருக்கலாம். சிலிக்கான் தூரிகை போதும். ரவை கேக்கில் பாரம்பரியமாகப் பிராந்தி சேர்ப்பார்கள். முஸ்லிம் நண்பர் ஒருவர் மேசையில் இருந்தால் அதை அடியோடு விட்டு, ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுங்கள்.

நண்பர்களுக்குள் செய்து நீங்களே சாப்பிடும் வரை தாள் வேலை இவ்வளவுதான். மீந்த கேக்கை நன்கொடைக்காக விற்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பனை என்று வந்துவிட்டால் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் வரும். உணவைக் கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டிய டைபாய்டு தடுப்பூசியும் கேட்கப்படும். அது வேண்டுமென்றால் மாநகர் மன்றத்தில் விசாரித்து, தனித் திட்டமாகச் செய்யுங்கள். போட்டியோடு கலக்காதீர்கள்.

5. பணம்

இரண்டாம் முறை ஆளுக்கு 45 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினோம். மொத்தம் 720 வெள்ளி. மண்டப வாடகை 150. நான்கு அணிகளுக்கும் சாமான்கள், அணிக்கு 80 வீதம், 320. எண்ணெய்த்தாள், கையுறை, கேக் பெட்டி, குப்பைப் பை எல்லாம் சேர்த்து 60. நடுவர்கள் உட்பட 19 பேருக்கு நாசி லெமாக் பொட்டலமும் பானமும் ஆளுக்கு 8 வீதம், 152. மீதி 38 வெள்ளிக்கு நான்கு அளவுக் கரண்டிப் பெட்டிகள் பரிசாக வாங்கினோம். வைப்புத்தொகை 200 வெள்ளியை ஒருவர் முன்பணமாகக் கட்டி, திரும்பியதும் எடுத்துக்கொண்டார்.

பணத்தை டூயிட்நவ் என்ற உடனடிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக ஒரே கணக்கில், போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். ‘வரும்போது கொடுக்கிறேன்’ என்பவரை அன்போடு மறுத்துவிடுங்கள். பணம் கட்டியவர் வராமல் இருப்பது அரிது.

சாமான்களை ஒருவரே, ஒரே கடையில், ஒரே நாளில் வாங்க வேண்டும். ஆளுக்கொரு வெண்ணெய் என்றால் போட்டியே சமமில்லாமல் போய்விடும். முட்டை ஒரே தரத்தில் இருக்கட்டும். நம் நாட்டு முட்டைகளின் ஏ, பி, சி என்ற தரமே எடையை வைத்துத்தான், ஆகவே செய்முறை எழுதும்போதே எந்தத் தரம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு மின்தராசு தேவை. கிண்ண அளவை நம்பாதீர்கள்.

6. அணி பிரிப்பதும் வேலை பிரிப்பதும்

முதல் முறை அவரவர் விருப்பப்படி சேர்ந்துகொள்ளச் சொன்னோம். கைதேர்ந்த மூன்று அக்காமார்கள் ஒரே அணியில் சேர்ந்தார்கள். அந்த அணியின் கேக்கில்தான் உப்பு இரண்டு முறை விழுந்தது. மூவருக்கும் செய்முறை மனப்பாடம். ஆகவே யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. அவர்கள் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. திறமைக் குறைவால் வந்த தோல்வி இல்லையே அது.

இரண்டாம் முறை நன்றாகக் கேக் செய்யும் நான்கு பேரை முதலில் அணிக்கு ஒருவராகப் பிரித்தோம். மீதிப் பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். கணவன் மனைவியை ஒரே அணியில் போடவில்லை. வீட்டில் யார் சொல்வது நடக்குமோ அதுவே இங்கும் நடக்கும், மற்ற இருவரும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

பிறகு ஒவ்வொரு அணிக்கும் நான்கு பெயர் கொண்ட தாள் ஒன்று கொடுத்தோம். அளப்பவர், கலப்பவர், ஓவன் பார்ப்பவர், தாள் வாசிப்பவர். இந்தக் கடைசி ஆள்தான் முக்கியமானவர். அவர் மாவைத் தொடக்கூடாது. செய்முறைத் தாளைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். செய்தவர் ‘போட்டாயிற்று’ என்று சொன்ன பிறகுதான் அந்த வரியில் கோடு போட வேண்டும். கடிகாரமும் அவரிடமே. இடையிடையே பாத்திரம் கழுவுவதும் அவர் வேலை. இந்த வேலையைக் கேக் செய்யவே தெரியாதவருக்குக் கொடுங்கள். அவர் ‘முட்டையை மடித்துக் கலப்பது என்றால் என்ன?’ என்று கேட்பார். விளக்கம் சொல்வதற்காக மற்ற மூவரும் ஒரு நிமிடம் நிற்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனையோ தவறுகள் தப்பிவிடுகின்றன.

தாள் வாசிப்பவராக இருந்த ஒரு தம்பி, கல்லூரி மாணவர், அன்று மூன்று தவறுகளைத் தடுத்தார். அதில் ஒன்று சர்க்கரையே போடாமல் விட்டது.

7. எந்தக் கேக்

பட்டர்கிரீம் பூசும் கேக் வேண்டாம். கோலாலம்பூர் மதிய வெயிலில் குளிரூட்டி இல்லாத மண்டபம் 32, 33 டிகிரியைத் தொடும். வெண்ணெய் இளகிக் கிரீம் வழியத் தொடங்கும். முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு அடித்துச் செய்யும் மெரிங்கும் ஈரக் காற்றில் பிசுபிசுத்துவிடும். அடுக்கு அடுக்காகச் சுடும் லாப்பிஸ் கேக் ஓர் ஓவனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும், போட்டிக்கு ஆகாது.

எங்களுக்குச் சரியாக வந்த ஏற்பாடு: இரண்டு அணிகள் ரவை கேக், இரண்டு அணிகள் பாண்டான் ஷிஃபான். இதில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. ரவை கேக்குக்கு 10 மஞ்சள் கரு போகும், வெள்ளை நான்குதான். மீதி ஆறு வெள்ளை வீணாகும். ஷிஃபானுக்கோ வெள்ளைதான் கூடுதலாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு ரவை அணியையும் ஒரு ஷிஃபான் அணியோடு இணைத்து, மீந்த வெள்ளையைக் கொடுத்து வாங்கச் சொன்னோம். எதிரணி தரும் முட்டை வெள்ளையில் மஞ்சள் ஒரு சொட்டுக்கூடக் கலந்திருக்கக் கூடாது. கலந்தால் அது சரியாக நுரைத்து எழும்பாது. எதிரணிக்காக ஒருவர் அவ்வளவு கவனமாக முட்டை பிரிப்பதைப் பார்ப்பது எனக்கு அன்றைய நாளின் பெரிய மகிழ்ச்சி.

ரவையை முந்தைய இரவே இளகிய வெண்ணெயில் கலந்து ஊறவைக்க வேண்டும். இதை யார் வீட்டில் யார் செய்வது என்று பெயர் எழுதி வையுங்கள். ‘யாராவது செய்வார்கள்’ என்று விட்டால் மறுநாள் கேக் பல்லில் நறநறக்கும்.

8. போட்டி நாள்

8.30க்கு மண்டபம். 9 மணிக்கு அளப்பது. கேக்கைச் சுடுவதற்கு 20 நிமிடம் முன்பே ஓவனைக் காயவைக்க வேண்டும். வெண்ணெயைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தால் நம் வெயிலில் 15, 20 நிமிடத்தில் இளகிவிடும்; இணையத்தில் பார்க்கும் வெளிநாட்டுச் செய்முறைகளில் ஒரு மணி நேரம் என்று இருக்கும், அதை நம்பாதீர்கள்.

நான்கு அணி, மூன்று ஓவன். யாராவது காத்திருக்கத்தான் வேண்டும். யார் காத்திருப்பது என்பதைப் போட்டி நாளில் முடிவு செய்தால் சண்டை வரும். ஒரு பெரிய தாளில் ஓவன் அட்டவணை எழுதி ஒட்டிவிடுங்கள். விதி இதுதான்: ஷிஃபான் கலவை காத்திருக்காது, அடித்த வெள்ளையின் காற்று போய்விடும். ரவை கேக்கை வெள்ளை சேர்ப்பதற்கு முந்தைய கட்டத்தில் நிறுத்தி வைக்கலாம். ஆகவே ஷிஃபானுக்கு முதல் இடம். ஒரு ரவை அணி 9.50க்கே தயாராகிவிட்டது. ஆனால் பக்கத்து ஷிஃபான் அணிக்காகத் தன் முறையை விட்டுக்கொடுத்து, வெள்ளை சேர்க்காமல் 45 நிமிடம் காத்திருந்தது. அவர்கள் கேக்குக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

முதல் 30 நிமிடம் ஓவன் கதவைத் திறக்கக்கூடாது; திறந்தால் நடுவில் அமுங்கும். பச்சை முட்டை கலந்த கலவையைக் குழந்தைகள் விரலால் தொட்டு ருசி பார்க்க விடாதீர்கள். ஷிஃபானைத் தலைகீழாகக் கவிழ்த்து முழுதாக ஆறவிட ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அந்த நேரம்தான் சாப்பாட்டு நேரம். 1.30க்கு நடுவர்கள் வரட்டும், அதற்கு முன் வேண்டாம்.

9. மதிப்பெண்

சுவைக்கு 40, பதத்துக்கு 20, தோற்றத்துக்கு 10, கூட்டு வேலைக்கு 30. இந்த 30ஐச் சுவை பார்க்கும் நடுவர் போடக்கூடாது. காலையிலிருந்து மண்டபத்தில் நிற்கும் ஒருவர் போட வேண்டும். அவர் பார்க்க வேண்டியவை: தாளில் எல்லா வரியிலும் கோடு விழுந்திருக்கிறதா, நான்கு பேருக்கும் வேலை இருந்ததா, மேசை சுத்தமா, அடுத்த அணிக்கு உதவினார்களா. உதவி கேட்டதற்கும் மதிப்பெண் கொடுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர்கள் நம்மில் அதிகம்.

இந்தப் பங்கீட்டை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அன்று வென்றது, ஓவனை விட்டுக்கொடுத்த அந்த ரவை அணி. சுவையில் அவர்கள் இரண்டாம் இடம்தான். முன்பே சொல்லியிருந்ததால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

10. கழுவுவதும் சாவியை ஒப்படைப்பதும்

முதல் முறை வைப்புத்தொகை போனதற்குக் காரணம் கழுவுதொட்டி. நான்கு அணிகளும் மாவு ஒட்டிய பாத்திரங்களை நேராக அதில் கழுவினார்கள், குழாய் அடைத்துக்கொண்டது. பழுதுபார்த்த செலவைக் கழித்துக்கொண்டுதான் மீதி தந்தார்கள். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாத்திரத்தைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் முன் தாளால் வழித்துக் குப்பைப் பையில் போடுங்கள். தரையில் கொட்டிய மாவை எடுத்த எடுப்பிலேயே ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, பசையாகிவிடும். முதலில் உலர்ந்த துடைப்பம், பிறகு ஈரத் துணி. எறும்பு வராமல் இருக்கக் குப்பையை அன்றே வெளியேற்றுங்கள். இதற்கு ஒரு மணி நேரத்தை அட்டவணையிலேயே எழுதுங்கள். பரிசு கொடுப்பதைக் கழுவி முடித்த பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

காலியான மண்டபம், தொட்டி, மின்பெட்டி, தரை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, பொறுப்பாளர் முன்னால் சாவியை ஒப்படைத்து, ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று அவர் கையொப்பம் வாங்குங்கள். மறு வேலைநாளே அசல் ரசீதோடு போய்த் திரும்பப் பெறும் படிவத்தை நிரப்பிவிடுங்கள். எங்களுக்கு 200 வெள்ளியும் முழுதாக 16ஆம் நாள் வந்து சேர்ந்தது.